உலோகத்தின் குறையும் ஆராய்ச்சி மாணவனும்

பட்டப்படிப்பு முடியுந் தறுவாயிலுள்ள மாணவர் சிலர் எம்மிடம் வந்து, "பௌதிகத்திலும் இரசாயனத்திலும் இனிப் புதிதாகக் காண்பதற்கு என்ன இருக்கிறது? பெரிய உண்மைகள் யாவற்றையும் முன்னோர் கண்டு முடித்துவிட்டனர் அன்றோ?" என்று வினவுவதுண்டு. வேறு சிலர், "மேற்படிப்பு என்பது இன்னுஞ் சில புத்தகங்களைப் படித்து இன்னுஞ் சில பரீட்சைகள் எழுதுவதுதானே?" என்பர். இவ்விரு வினாக்களும் பிழைபட்ட எண்ணத்தினின்று பிறந்தவை. இவற்றுக்கு வெறும் அறிவுரையால் விடை கூறுவதினும், ஒரு துறையின் வரலாற்றிலிருந்து சில நிகழ்ச்சிகளை எடுத்துக்காட்டி விடை கூறுதல் நலமென்று கருதினோம். அத்துறை பொருளறிவியல் ஆகும்.

பொருளறிவியல் யாது?

பொருள் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் செல்வத்தை ஆராயும் பொருளாதார நூலென்று எண்ணற்க. ஈண்டுப் பொருள் என்றது இரும்பு, செம்பு, கண்ணாடி, பீங்கான், ரப்பர், பிளாஸ்டிக், சிலிக்கன் முதலாக மனிதன் தன் தேவைக்கென ஆக்கிப் பயன்கொள்ளும் திடப்பொருள்களை. இவை ஏன் இவ்வாறு இருக்கின்றன, இவற்றை வேறு வகையாக ஆக்குதல் இயலுமா என்று ஆராய்வது இத்துறை. பௌதிகம், இரசாயனம், பொறியியல் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் இது நிற்கின்றது. முன்னர் உலோகவியல், பீங்கான் தொழில், ரப்பர் இரசாயனம் என்று தனித்தனியே கற்பிக்கப்பட்டவற்றை ஒருங்கு சேர்த்து, இந்தப் பெயரால் பல்கலைக்கழகங்களில் தனிப் பகுதிகள் அமைக்கும் வழக்கம் 1950-களில் அமெரிக்காவில் தோன்றிப் பின்னர் எங்கும் பரவிற்று.

இத்துறையின் அடிப்படைக் கருத்து எளிது. ஒரு பொருளின் குணம், அது எவ்வெத் தனிமங்களால் ஆயது என்பதை மட்டும் பொறுத்ததன்று. அவை உள்ளே எவ்வாறு அமைந்துள்ளன என்பதையும் பொறுத்தது. அந்த உள்ளமைப்போ, பொருளை ஆக்கிய முறையைப் பொறுத்தது. கொல்லன் உலையில் காய்ச்சிய எஃகை நீரில் தோய்த்தால் அது மிக்க வன்மை பெறுகின்றது; அதே எஃகைச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் மென்மை பெறுகின்றது. இரண்டிலும் உள்ள இரும்பும் கரியும் ஒன்றே; ஆறிய வேகமே வேறு. கொல்லன் இதனைக் கையால் அறிவான். ஆராய்ச்சி மாணவன் இதன் காரணத்தை அறிய முயல்கின்றான்.

செம்பு ஏன் வளைகின்றது?

மாணவர் எவரும் செய்து பார்க்கத்தக்க பரிசோதனை ஒன்றைக் கூறுவோம். தடித்த செம்புக் கம்பி ஒன்றைத் தீயில் சிவக்கக் காய்ச்சி ஆறவிடுக. அதனை விரல்களால் எளிதில் வளைக்கலாம். வளைத்த இடத்திலேயே நிமிர்த்த முயல்க. முன்னினும் மிகுந்த வலிமை வேண்டியிருக்கும். மீண்டும் மீண்டும் அவ்வாறு செய்தால் கம்பி விறைத்துப் பின் முறியும். முறியுமுன் மறுபடி காய்ச்சினால் பழைய மென்மை மீளும். பாத்திரந் தட்டும் கன்னார் இதனை நன்கறிவர். தட்டத் தட்டச் செம்பு விறைத்துக்கொள்ளும். அப்பொழுது அவர் அதனை நெருப்பிலிட்டு இளகச் செய்து மீண்டும் தட்டுவர்.

இஃது அன்றாடக் காட்சி. ஆயினும் இதனை விளக்க முற்பட்ட விஞ்ஞானிகள் பெருந் திகைப்பை அடைந்தனர். உலோகத்தில் அணுக்கள் அணிவகுத்த படைவீரர்போல வரிசை வரிசையாக நிற்கின்றன என்பது 1912-க்குப் பின் எக்ஸ் கதிர்களின் துணையால் தெளிவாயிற்று. கம்பி வளையும்போது ஓர் அணுவடுக்கு மற்றோர் அணுவடுக்கின்மேல் வழுக்கிச் செல்கின்றது. அவ்வாறு ஓர் அடுக்கு முழுவதும் ஒரே சமயத்தில் வழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதை ருஷ்ய விஞ்ஞானி யாக்கவ் பிரெங்கெல் 1926-இல் கணக்கிட்டார். கணக்கில் வந்த விசைக்கும், மெல்லிய உலோகப் படிகங்கள் உண்மையில் வழுக்கும் விசைக்கும் இடையே ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் வேற்றுமை காணப்பட்டது. கணக்கு மெய்யாயின் செம்புக் கம்பியை விரலால் வளைத்தல் இயலாது. கன்னாருக்குத் தொழிலும் இராது. ஆனால் கம்பியோ வளைகின்றது. ஆதலின் கணக்கில் காணாத ஏதோ ஒன்று உலோகத்தினுள் இருத்தல் வேண்டும். அஃது யாது?

கைதவறி விழுந்த படிகம்

இவ்வினாவுக்கு விடை கண்டவருள் ஒருவர் எகோன் ஒரோவான். இவர் 1902-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். பெர்லின் தொழில்நுட்பக் கலாசாலையில் மின்பொறியியல் பயின்றுகொண்டிருந்தவர். மனமோ பௌதிகத்தில் இருந்தது. 1928-ஆம் ஆண்டு வாக்கில், தம் பாடத்திட்டத்துக்கு ஒப்புதல் பெறும் பொருட்டுப் பேராசிரியர் ரிச்சர்ட் பெக்கரைக் காணச் சென்றார். பெக்கர் சிறிது தயங்கி, உலோகங்கள் வளைதலைப் பற்றித் தாம் முன்னர் எழுதிய கொள்கை ஒன்றைப் பரிசோதித்துப் பார்க்க விருப்பமுண்டோ என்று கேட்டார். ஐரோப்பா முழுவதும் புதிய குவாண்டம் பௌதிகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த காலம் அது. அக்காலத்தில் உலோகம் வளைவதை ஆராய்தல் பெருமைக்குரிய வேலையாக எவருக்குந் தோன்றவில்லை. ஒரோவானோ அதனை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்.

பெக்கரின் கொள்கைப்படி, இழுக்கப்படும் படிகம் சீராக நீளுதல் வேண்டும். ஒரோவான் துத்தநாகப் படிகங்களைக் கொண்டு பரிசோதித்தார். ஒரு நாள் படிகம் ஒன்று தரையில் விழுந்து வளைந்துவிட்டது. கெட்டுப்போன படிகமென்று அதனை எறிந்துவிடாமல் அவர் நிமிர்த்திக் கருவியில் பூட்டி இழுத்துப் பார்த்தார். அது சீராக நீளவில்லை. நின்று நின்று, திடீர் திடீரெனத் துள்ளித் துள்ளி நீண்டது. ஒழுங்கான படிகத்திற்கன்றிக் கேடுற்ற படிகத்திற்கு இவ்வியல்பு தோன்றுவானேன் என்று அவர் எண்ணலானார். வழுக்குதல் ஓர் அடுக்கு முழுவதும் ஒருங்கே நிகழ்வதன்று; ஏதோ ஒரு குறையுள்ள இடத்தில் தொடங்கிப் பரவுகின்றது என்னுங் கருத்து அங்கு முளைத்தது.

1933-இல் ஜெர்மனியின் ஆட்சி மாறிய பின் ஒரோவான் ஹங்கேரிக்குத் திரும்பினார். தக்க வேலை உடனே கிடைக்கவில்லை. அந்த ஓய்வுக்காலத்தில் தம் கருத்தை ஆய்ந்து உருப்படுத்தினார். அதே கருத்தைத் தாமும் எய்தியிருந்த மைக்கேல் பொலானியுடன் கடிதத் தொடர்பு கொண்டு, இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரையாக வெளியிடலாமென்று கூறினார். பொலானி, இது நும்முடையது, நீரே தனியாக வெளியிடுக என்னும் கருத்துப்பட மறுமொழி கூறினார். முடிவில் இருவர் கட்டுரைகளும் 1934-இல் ஒரே ஜெர்மன் பௌதிகப் பத்திரிகையில் அடுத்தடுத்து வெளிவந்தன. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சார்ந்த ஜி. ஐ. டெய்லரும் அதே முடிவைத் தனித்துக் கண்டு வெளியிட்டார். அறிவின் உரிமையில் ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்த அப்பெருந்தன்மையை இளைஞர் மறவாதிருத்தல் வேண்டும்.

ஜமக்காளத்தின் சுருக்கம்

அவர்கள் கண்ட குறைக்குப் பிறழ்ச்சி என்று பெயரிடுவோம். ஒழுங்காக அடுக்கிய அணுவரிசைகளுள் ஒரு பாதி வரிசை மட்டும் இடையிலே செருகி நின்றுவிட்டால், அவ்வரிசை முடியுமிடத்தில் ஒரு கோடு நெடுகப் பிறழ்ச்சி ஏற்படுகின்றது. அக்கோடு நகர நகர உலோகம் வழுக்குகின்றது.

இதனை ஓர் உவமையால் விளக்குவோம். நம் கலாசாலைக் கூடத்தில் விரித்த பெரிய ஜமக்காளத்தை ஒரு முழம் நகர்த்த வேண்டுமெனக் கொள்வோம். ஒரு முனையைப் பற்றி முழுவதையும் இழுப்பதற்கு நால்வர் வேண்டும். ஆனால் ஒரு முனையில் சிறு சுருக்கத்தை உண்டாக்கி அச்சுருக்கத்தைக் காலால் தள்ளிக்கொண்டே மறுமுனைக்குச் சென்றால், ஒருவனே ஜமக்காளத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திவிடலாம். எந்த நேரத்திலும் நகர்வது சுருக்கமுள்ள பகுதி மட்டுமே. உலோகத்தின் பிறழ்ச்சியும் அத்தகையது. அணுவடுக்கு முழுவதும் ஒருங்கே நகர்வதில்லை. பிறழ்ச்சிக் கோட்டை அடுத்த அணுக்கள் மட்டும் ஒவ்வொரு படியாக இடம் மாறுகின்றன. ஆதலின் சிறு விசையே போதுமானதாகின்றது. பிரெங்கெலின் கணக்கிலும் பிழையில்லை. அது குறையற்ற படிகத்துக்குரிய கணக்கு. நம் கையிலுள்ள செம்போ குறையுடையது.

தட்டத் தட்டச் செம்பு விறைப்பதும் இதனால் விளங்கும். தட்டும்போது பிறழ்ச்சிகள் பெருகுகின்றன. பெருகியவை ஒன்றோடொன்று பின்னிச் சிக்கி, நகரும் வழியை ஒன்றுக்கொன்று அடைத்துக்கொள்கின்றன. நன்கு காய்ச்சி இளக்கிய உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டரிலுள்ள பிறழ்ச்சிக் கோடுகளை நீட்டி அளந்தால், 10 கிலோமீட்டர் முதல் 1,000 கிலோமீட்டர் வரை இருக்கும். மிகத் தட்டிய உலோகத்திலோ அவ்வளவு சிறிய துண்டிலேயே 1 கோடி கிலோமீட்டர் அளவும் இருத்தல் கூடும். நிலவுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் சுமார் 3,84,000 கிலோமீட்டரே என்பதை நினைத்துப் பார்க்க. மீண்டும் காய்ச்சும்போது இச்சிக்கல்கள் அவிழ்ந்து குறைகின்றன, உலோகம் இளகுகின்றது.

கண்ணால் கண்ட ஆண்டு

கொள்கை அழகியதாயினும் பிறழ்ச்சியை எவருங் கண்டிலர். "காகிதத்தில் வரைந்த கோடு உலோகத்திலும் உண்டென்பதற்குச் சான்று யாது?" என்று ஐயுற்றோர் பலர். 1952-இல் அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிச்சாலையில் ஹெர்ரிங், கால்ட் என்னும் இருவர், வெள்ளீயத்தின் மேற்பரப்பில் தானே முளைக்கும் மயிரினும் மெல்லிய இழைகளை வளைத்துப் பார்த்தனர். கிட்டத்தட்டக் குறையற்ற அவ்விழைகள் சாதாரண வெள்ளீயத்தைப்போல் மென்மையாயிராது, பிரெங்கெலின் கணக்கை அணுகும் வன்மை காட்டின. குறை இல்லாவிடில் வன்மை மிகும் என்பது இவ்வாறு புலப்பட்டது. எனினும் குறையைக் கண்ணாரக் காண்பது எஞ்சி நின்றது.

அதனைக் கண்டவருள் ஒருவர் ஓர் ஆராய்ச்சி மாணவர். கேம்பிரிட்ஜில் கேவெண்டிஷ் ஆராய்ச்சிச்சாலையில் பீட்டர் ஹிர்ஷ் என்பாரிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்த மைக்கேல் வீலன் என்பவரே அவர். எலெக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்குவதில் தேர்ந்த ஹார்ன் என்பார் அவர்களுக்குத் துணையாயினார். எலெக்ட்ரான் கதிர் ஊடுருவ வேண்டுமாயின் உலோகத் தகடு ஒரு மில்லிமீட்டரின் 10,000-இல் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்திருத்தல் வேண்டும். தட்டி மெலிதாக்கிய அலுமினியத் தகட்டை அமிலத்தில் அரித்து அந்நிலைக்குக் கொண்டுவந்தனர். சிறிது மிகுதியாக அரித்தால் தகடே கரைந்து போகும். சிறிது குறைந்தால் ஒன்றுந் தோன்றாது. இவ்வாறு ஆயத்தஞ் செய்த தகட்டில் கருங்கோடுகள் தோன்றின. அவை பிறழ்ச்சிகளோ, வேறெவையோ என்ற ஐயம் நின்றது. 1956-இல் கதிரின் செறிவை மிகுவித்தபோது அக்கோடுகள் நகர்ந்தன. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் மூவர் மனத்தால் கண்டதை அவர்கள் கண்ணால் கண்டனர்.

"பெரியன யாவும் முன்னோர் கண்டு முடித்துவிட்டனர் அன்றோ?" என்னும் வினாவுக்கு விடை இதுவே. மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செம்பைத் தட்டி வந்திருக்கின்றான். அது வளைவதன் காரணம் மிக அண்மையிலேதான் காணப்பட்டது.

காலமும் ஒரு கருவி

குறையை அறிவது மட்டுமன்றி, அதனை அடக்கி ஆள்வதும் இத்துறையின் தொழில். இதற்கு அலுமினியம் நல்ல சான்று. தூய அலுமினியம் இலேசானது; ஆனால் மென்மையானது. அதனை வன்மையாக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார் ஜெர்மானியராகிய ஆல்பிரட் வில்ம். 1906-இல் சிறிது செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தை 500 டிகிரிக்கு மேல் காய்ச்சி நீரில் தோய்த்தார். எஃகைப்போல் உடனே வன்மை பெறுமென்று எதிர்பார்த்ததற்கு மாறாக அது மென்மையாகவே இருந்தது. ஆனால் சில நாட்கள் கழித்து மறுபடியும் அளந்தபோது வன்மை மிகுந்திருக்கக் கண்டு வியந்தார். எவரும் அதனைத் தீண்டவில்லை. சும்மா இருந்தே அது வலுப்பெற்றது.

அளவுக்கருவி பிழைபட்டதென்று ஒதுக்கிவிட்டிருந்தால் அச்செய்தி அத்தோடு மறைந்திருக்கும். வில்ம் ஒதுக்கவில்லை, மீண்டும் மீண்டும் செய்து உறுதிப்படுத்தினார். அவ்வாறு பிறந்த டியூராலுமின் என்னும் கலப்புலோகம் செப்பலின் வான்கப்பல்களுக்கும், பின்னர் ஆகாய விமானங்களுக்கும் உடலாயிற்று. எனினும் அது வலுப்பெறுவதன் காரணம் வில்முக்குத் தெரியாது. அமெரிக்காவில் மெரிக்காவும் அவருடன் இருவரும் 1919-இல், கரைந்து நின்ற செம்பு சிறு துகள்களாகப் பிரிவதே காரணமென்றனர். 1938-இல் பிரான்சில் கினியே என்பாரும் இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்பாரும், ஒருவரையொருவர் அறியாமலே, எக்ஸ் கதிர்களால் செம்பணுக்கள் கூடி நிற்கும் மிக நுண்ணிய திட்டுக்களின் அடையாளத்தைக் கண்டனர். அத்திட்டுக்கள் பிறழ்ச்சிகளின் வழியை மறிக்கின்றன. ஆதலின் உலோகம் வன்மையுறுகின்றது. கண்டதற்கும் காரணம் தெளிந்ததற்கும் இடையே 32 ஆண்டுகள் சென்றன. ஆராய்ச்சியில் பொறுமை என்பது அணிகலனன்று. அதுவும் ஒரு கருவியே.

மேற்படிப்பின் இயல்பு

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். இத்துறையில் மேற்படிப்பு மேற்கொள்ளும் மாணவன், முதற்கண் சில பாடங்களைப் பயிலவே வேண்டும். வெப்பவியல், கலப்புப் பொருள்களின் நிலைகளைக் காட்டும் படங்கள், படிகங்களின் அமைப்பு, எக்ஸ் கதிர் ஆராய்ச்சி, எலெக்ட்ரான் நுண்ணோக்கி, பொருள்கள் வளைதலும் முறிதலும் ஆகியன அவற்றுள் சில. நம் நாட்டில் எம்.டெக். பட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள் செல்லும். டாக்டர் பட்டத்துக்குப் பெரும்பாலும் நான்கு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உலோகவியற் பகுதி 1945-இல் தொடங்கப்பெற்றது; சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் நிறுவப்பெற்றது. இவ்விரண்டிலும் இன்று பொருளறிவியல் ஆராய்ச்சி நடைபெறுகின்றது. பொறியியல் கற்றோர்க்கேயன்றிப் பௌதிகத்திலோ இரசாயனத்திலோ எம்.எஸ்ஸி. பெற்றோர்க்கும் இத்துறையின் வாயில் பல இடங்களில் திறந்துள்ளது. கேட், நெட் முதலிய தேர்வுகளும், நிலையத்துக்கு நிலையம் வேறுபடும் விதிகளும் உண்டு. அவற்றை அவ்வந் நிலையத்தின் வாயிலாகவே அறிந்துகொள்ளல் தகும்.

ஆனால் பாடங்கள் முடிந்த பின்னரே உண்மையான மேற்படிப்பு தொடங்குகின்றது. அதுவரை மாணவன் எதிர்கொண்ட வினாக்களுக்கெல்லாம் புத்தகத்தின் பின்பக்கத்திலே விடை இருந்தது. இனி அவன் எதிர்கொள்ளும் வினாவுக்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை, ஆசிரியருக்குந் தெரியாது. உலை பழுதாகும், இரவெல்லாம் காய்ச்சிய துண்டு மின்சாரம் நின்றதனால் வீணாகும், எதிர்பார்த்த கோடு வரைபடத்தில் வாராது. முதலாண்டில் சோர்வடையாத ஆராய்ச்சி மாணவனை யாம் கண்டதில்லை. அச்சோர்விலே ஒரு சோதனை மறைந்திருக்கின்றது. அது யாதென்பதை எம் அனுபவத்தினின்றே கூறுவோம்.

யாம் ஆராய்ச்சி மாணவராயிருந்த காலத்தில், உருக்கி வார்த்த அலுமினியக் கலப்புலோகத்தின் ஆறு துண்டுகளை இழுத்துப் பரிசோதித்தோம். நான்கு துண்டுகள் யாம் விரும்பியவாறே ஒத்த விடை தந்தன. இரண்டு துண்டுகள் பாதி விசைக்கு முன்னரே முறிந்தன. அவ்விரண்டும் ஏதோ பழுதுபட்டவை என்று எம் மனத்துக்கு யாமே சமாதானஞ் சொல்லிக்கொண்டு, உடைசல் போடும் வாளியிலே எறிந்துவிட்டு, நான்கின் கணக்கை மட்டும் அழகாக வரைந்து எம் பேராசிரியரிடம் கொண்டுசென்றோம். அவர் படத்தைப் பார்த்தார், பின்னர், "வார்த்தவை ஆறு என்றீரே, முறிந்தவை எங்கே?" என்றார். யாம் தலை குனிந்தோம். "படம் இருக்கட்டும், முதலில் அவற்றைத் தேடிக் கொண்டுவாரும்" என்று அனுப்பிவிட்டார்.

வாளியைக் கவிழ்த்து ஒரு நாழிகை தேடினோம். முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அதில் உருண்டையான சிறு துளைகள் நிறைந்திருந்தன. உருகிய அலுமினியம் ஈரத்தினின்று ஹைடிரஜனைப் பற்றிக்கொள்ளும். இறுகும்போது அவ்வாயு குமிழிகளாகத் தங்கிவிடும். எம் குறிப்பேட்டைப் புரட்டினோம். அவ்விரு துண்டுகளும் ஐப்பசி மாதத்து அடைமழை நாளொன்றில், நன்கு உலர்த்தாத அச்சில் வார்க்கப்பட்டவை. நான்கு நல்ல துண்டுகளும் எமக்கு முன்னரே தெரிந்ததைக் கூறின. முறிந்த இரண்டுமே எமக்குத் தெரியாததைக் கூறின. அச்சை உலர்த்துவதைப் பற்றியும் வாயுவை நீக்குவதைப் பற்றியும் யாம் பின்னர் எழுதிய அத்தியாயமே எம் ஆராய்ச்சி நூலில் பயனுடைய பகுதியாயிற்று. அப்பேராசிரியர் எமக்குப் பல பாடங்கள் கற்பித்தார். அவற்றுள் பல மறந்துபோயின. "முறிந்தவை எங்கே?" என்ற வினா மட்டும் இன்றளவும் மறக்கவில்லை.

மறைத்த குறை

அவ்வினாவைக் கேட்பார் இல்லாவிடில் விளைவது யாதென்பதற்கும் இத்துறையிலே சான்றுண்டு. யான் ஹென்டிரிக் ஷோன் என்னும் ஜெர்மானிய இளைஞர், வெள்ளீய இழைகளின் வன்மை காணப்பட்ட அந்தப் பெல் ஆராய்ச்சிச்சாலையிலேயே பணியாற்றினார். கரிமப் படிகங்களால் வியத்தகு மின்கருவிகள் ஆக்கியதாக அவர் பல கட்டுரைகள் வெளியிட்டார். 2001-இல் சராசரியாக எட்டு நாட்களுக்கு ஒரு கட்டுரை அவர் பெயரால் வந்ததென்பர். உலகமெங்கும் பாராட்டுகளும் பரிசுகளும் குவிந்தன. ஆனால் பிற ஆராய்ச்சிச்சாலைகளில் அவர் கூறியவாறு செய்து பார்த்தோர்க்கு அவ்விடைகள் கிட்டவில்லை.

பின்னர்ச் சிலர் அவருடைய வரைபடங்களை ஒப்பிட்டு நோக்கினர். எந்த அளவீட்டிலும் தவிர்க்கமுடியாத சிறு நடுக்கங்கள் உண்டு; அவை ஒவ்வொரு முறையும் வேறு வேறாக இருத்தல் வேண்டும். ஷோனின் வெவ்வேறு பரிசோதனைப் படங்களிலோ ஒரே நடுக்கம் அணுவளவும் மாறாமல் காணப்பட்டது. விசாரணைக் குழு 2002-இல் தன் முடிவை வெளியிட்டது. ஆராய்ந்த 24 குற்றச்சாட்டுகளுள் 16-இல் அவர் பொய்ம்மை செய்தமை உறுதியாயிற்று. முறையான குறிப்பேடு அவரிடம் இல்லை. மூல அளவீடுகளும் அழிக்கப்பட்டிருந்தன. கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிய கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம் 2004-இல் அப்பட்டத்தையும் நீக்கிற்று.

இதில் பெரிதும் வருந்தத்தக்கது அவர் ஒருவர் இழந்த பட்டமன்று. இல்லாத ஒன்றைத் தேடி, "நம் கைத்திறமையே குறைவு போலும்" என்று தம்மையே நொந்துகொண்டு, மாதங்களையும் ஆண்டுகளையும் கழித்த பிற மாணவர்களின் உழைப்பே வருந்தத்தக்கது. அவர்கள் கையில் கண்ட தோல்வி உண்மை. அச்சிட்ட வெற்றியே பொய்.

ஒரோவானையும் ஷோனையும் ஒருங்கு வைத்து எண்ணிப் பார்க்க. ஒருவர் வளைந்துபோன படிகத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். மற்றொருவர் வளைவே இல்லாத படங்களை ஆக்கினார். முன்னவர் கண்ட குறை ஒரு விஞ்ஞானத்துக்கு அடிப்படையாயிற்று. பின்னவர் காட்டிய நிறைவு சில ஆண்டுகளுக்குள் இடிந்து வீழ்ந்தது. உலோகம் குறையுடையதாதலின் அன்றோ வளைந்து கொடுத்துப் பாத்திரமாகின்றது? ஆராய்ச்சியும் தன் குறையை ஒளியாமல் காட்டுமளவே பிறர்க்குப் பயன்படுகின்றது.

மாணவ நண்பர்களே! நும்முள் சிலரேனும் இத்துறையிற் புகுவீராக. புகுந்தாலும், வேறெத் துறையை மேற்கொண்டாலும், நான்கு பழக்கங்களை இக்கலாசாலைப் பரிசோதனைச்சாலையிலேயே இன்றே தொடங்குவீராக. அளந்ததை அளந்தவுடன், தேதியும் நேரமும் இட்டு, மையினால் எழுதுக. பிழைபட்டதை அழிக்காமல், படிக்கும்படியாக ஒரு கோடு மட்டும் இட்டு அடிக்க. அண்டையிலுள்ளான் பெற்ற விடையோடு நும் விடை ஒவ்வாவிடில், அவனது எண்ணைப் பார்த்து எழுதாமல், ஒவ்வாமையின் காரணத்தை இருவருங் கூடித் தேடுக. முறிந்த துண்டை எறிவதற்கு முன் ஒரு முறை நன்றாக உற்று நோக்குக. இந்நான்கும் கைவந்தவனுக்கு மேற்படிப்பு அச்சந் தருவதன்று. இவை கைவராதவனுக்கு எவ்வளவு உயர்ந்த பட்டமும் வெறுங் காகிதமே.